தண்ணீர் கட்டிய இரண்டு நாள்

குளியலறைத் தரை முழுக்க நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீரைக் கட்டி வைத்துவிட்டு, ஈரக் காலோடு இறங்கி வந்து கீழ்வீட்டுக் கதவுக்கு முன்னால் நின்றேன். காலை பத்து மணி இருக்கும். உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். முன்பெல்லாம் அந்த மெஷின் நிற்காமல் ஓடும்.

தட்டுவதற்குக் கையைத் தூக்கினேன். இறக்கினேன். மறுபடி மாடி ஏறிப் போய்ப் பார்த்தேன். தண்ணீர் அப்படியேதான் இருந்தது. மறுபடி இறங்கினேன். இப்படி மூன்று முறை ஆனதும், மேலே கைப்பிடிச் சுவரிலிருந்து டைல்ஸ் மேஸ்திரி ஏழுமலை எட்டிப் பார்த்தார்.

“இன்னாக்கா, தட்டினியா இல்லியா? கீழ யாராச்சும் சீலிங்க பாத்துகினு இருந்தாதான் ஒயுகுதா இல்லியான்னு தெரியும். என்னை அந்தம்மா உள்ள வுடாது. நீதான் கேக்கணும்.”

அவரை உள்ளே விடமாட்டார்கள் என்றால் அதற்குக் காரணம் நான். அது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். கதவுக்கு உள்ளே இருக்கிற மும்தாஜ் அக்காவுக்குத் தெரியாது.

போன வாரம், திருவொற்றியூரில் நாங்கள் முதன்முதலாகச் சொந்த வீடு வாங்கியதை எழுதியிருந்தேன். படித்துவிட்டு என் வீட்டுக்காரர் தயாளன், “நல்லத மட்டும் எய்திகினு கீறியே கலா, பாத்ரூம் கதைய எய்துவியா மாட்டியா?” என்று கேட்டார். அவர் கேட்டது விளையாட்டாகத்தான். எனக்கு இரண்டு நாள் இருப்புக் கொள்ளவில்லை. எழுதிவிடுகிறேன்.

ஐந்து குடும்பத்துக்கு ஒரு கதவு

ராயபுரத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் ஐந்து குடும்பத்துக்கு ஒரே குளியலறை. காலையில் பக்கெட்டை வரிசையில் வைத்துவிட்டு வந்துதான் அடுப்பைப் பற்றவைப்பேன். உள்ளே போனால் வெளியே ஒருவர் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார். சோப்பு போட்டு முடிப்பதற்குள் இரண்டு தட்டு. இருபது வருஷம் அப்படிக் குளித்திருக்கிறேன்.

வேலையும் அப்படியே அமைந்தது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஆபீஸ். வந்திறங்கிய சரக்கைச் சீக்கிரம் வெளியே எடுக்க வேண்டும். ஒரு கையெழுத்துக்காக ஒரு நாள் தள்ளிப்போனாலும் தலை உருளும். காகிதத்தைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு மாடி ஓடி ஓடி, நின்று ஒரு வேலை செய்கிற பழக்கமே எனக்கு விட்டுப்போனது. தயாளன் எனக்கு நேர் எதிர். கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். துறைமுக வாசலுக்குப் போகிற வரிசையில் ஒன்றரை நாள்கூட நிற்பார். சீட்டிலேயே சாய்ந்து தூங்கி எழுவார். அவரிடம் பொறுமையைப் பற்றிப் பேசினால் சிரிப்பார்.

சொந்த வீடு என்றதும் எனக்கு ஹாலும் தோன்றவில்லை, சமையலறையும் தோன்றவில்லை. வெள்ளை வெளேர் என்று, முகம் பார்க்கிற மாதிரி டைல்ஸ் போட்ட ஒரு குளியலறைதான் கண்ணில் நின்றது. எங்கள் ஆபீஸ் முதலாளியின் மகள் கல்யாணத்துக்குப் போனபோது ஒரு ஓட்டலில் அப்படி ஒன்றைப் பார்த்திருந்தேன். அதில் யாரும் கதவைத் தட்டவில்லை.

நாங்கள் வாங்கியது பழைய வீடு. எட்டு வீடுகள் உள்ள கட்டடத்தில் இரண்டாவது மாடி. கிழக்கே கண்டெய்னர் சாலை, அதைத் தாண்டினால் கடல். ஜன்னல் கம்பி ஆறு மாதத்துக்கு ஒருமுறை துரு பிடிக்கும். குளியலறையில் எந்தக் காலத்திலோ பதித்த சின்னச் சின்ன வெள்ளைக் கற்கள், பாதி மஞ்சளாகிக் கிடந்தன.

டொப், டொப்

ஏழுமலையைப் பக்கத்துத் தெருவில் வேலை செய்தபோது பார்த்துப் பிடித்தேன். எண்ணூர்க்காரர். முப்பத்தைந்து வயது இருக்கும். வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் குந்தி, சிமெண்ட் பூசுகிற கரணையின் கைப்பிடியால் தரையைத் தட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் ‘டங்’ என்றது. மற்ற எல்லா இடத்திலும் ‘டொப், டொப்’ என்று பானையைத் தட்டுகிற மாதிரி கேட்டது.

“உள்ள ஒண்ணியும் இல்லக்கா. கல்லு தனியா, சிமெண்ட் தனியா கீது. எல்லாத்தையும் கொத்தி எடுத்துட்டு, அடி தளம் தெரியற வரைக்கும் போணும். அப்பால காய வுட்டு, மூலையெல்லாம் பூசி, தண்ணி எறங்காத மருந்து அடிச்சு, தண்ணி கட்டி டெஸ்ட் பண்ணி, அப்பறம்தான் டைல்ஸு.”

“எத்தினி நாளு?”

“இருவது நாளு ஆவும்.”

எனக்கு இருபது நாள் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்ச வேண்டும். பெரம்பூரில் இருக்கிற என் அக்கா குடும்பத்தோடு வருகிறாள். ஆபீஸ் மொத்தத்தையும் அழைத்திருந்தேன். அதைவிட உண்மை ஒன்று உண்டு: தேதி தள்ளிப்போக முடியாது என்பதில்லை, தள்ளிப்போடுவதை என்னால் தாங்க முடியாது.

“மேலயே ஒட்டிடு,” என்றேன்.

“ஒட்டலாம். நிக்காது.”

“இப்ப ஏதோ பசையெல்லாம் வந்து கீதாமே, டைல்ஸு மேலயே டைல்ஸு ஒட்ற மாதிரி?”

“கீது. அடில கீற கல்லு கெட்டியா இருந்தா ஒட்டலாம். இது டொப்பு டொப்புன்னுதே.”

டைல்ஸையும் நானே போய் வாங்கிவிட்டேன். இரண்டடிக்கு நாலடி, பளபளவென்று வெள்ளை. கடையில் பத்து நிமிஷம்கூட நிற்கவில்லை. ஆட்டோவில் அட்டைப் பெட்டிகள் வந்து இறங்கியதும் ஏழுமலை பிரித்துப் பார்த்து, நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“எக்கா, ரூமே அஞ்சுக்கு நாலு. இம்மாம் பெரிய கல்ல போட்டா வாட்டம் எப்டி குடுக்கறது? தண்ணி ஓட்டைக்கு ஓடணும் இல்ல? நாலு பக்கமும் சாயணும்னா கல்லு சின்னதா இருக்கணும். இது பலகை மாதிரி நிக்கும். மூலைல தண்ணி தேங்கும்.”

“உன்னால முடியலேன்னா சொல்லிடு. வேற ஆள பாக்கறேன்.”

அவர் பெட்டிகளைச் சுவரோரம் அடுக்கினார். பிறகு சிமெண்ட் கலக்க உட்கார்ந்தார். மூன்று நாளில் முடித்துக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை பால் பொங்கியது. அக்கா குளியலறையைப் பார்த்துவிட்டு, “ஓட்டல் மாதிரி கீதுடி,” என்றாள். ஏழுமலை சொன்னபடியே கதவு ஓரத்து மூலையில் தண்ணீர் தேங்கியது. தினமும் குளித்த பிறகு துடைப்பத்தால் தள்ளிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

மும்தாஜ் அக்காவின் கை

கீழ்வீட்டில் மும்தாஜ் அக்கா. பிளவுஸ், சுடிதார் தைப்பவர். கணவர் காலமாகிவிட்டார், மகளை ஆம்பூரில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. எங்கள் குளியலறைக்கு நேர் கீழே அவர் வீட்டின் பின்பக்க அறை. மெஷினை அங்கேதான் போட்டிருந்தார். நாங்கள் குடிவந்த அன்று கீழிருந்து ஒரு பெரிய டப்பாவில் பாயசம் அனுப்பியவர்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு நாள் மேலே வந்தார். “கலா, என் சீலிங்ல ஈரம் கோத்துகினு கீதும்மா. உன் பாத்ரூம் ஒயுகுதா பாரேன்.”

“கடல் காத்துக்கா. இந்த பில்டிங்ல எல்லா வூட்லயும் அப்டிதான் கீது,” என்றேன்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தார். மறுபடி கடல் காற்று என்றேன். சொல்லும்போதே அந்த மூலையில் தேங்குகிற தண்ணீர் கண்ணில் வந்தது. வந்ததைத் தள்ளினேன், துடைப்பத்தால் தள்ளுகிற மாதிரி.

ரம்ஜானுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. மும்தாஜ் அக்காவுக்கு வருஷத்தில் அதுதான் சீசன். தைக்க வேண்டிய துணி மலையாகக் குவிந்திருக்கும். ஒரு நாள் காலை நான் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கீழே ‘தட்’ என்று ஒரு சத்தம். லாரியிலிருந்து மூட்டையைப் போட்ட மாதிரி. அதற்கப்புறம் ஒரு கத்தல்.

ஓடிப் போய்ப் பார்த்தால், அறை முழுக்கப் புகை மாதிரி சிமெண்ட் தூள். கூரையில் ஒரு தட்டு அகலத்துக்குக் காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி தெரிந்தது. மும்தாஜ் அக்கா மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தார். தலைமுடி, புருவமெல்லாம் வெள்ளை. “தலைல வியல, தலைல வியல,” என்று அவரே எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மணிக்கட்டில் எலும்பு முறிவு. தயாளன்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஆறு வாரம் மாவுக்கட்டு. துணி கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து வெட்டாத துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் சொன்ன பொய்

அன்று படிக்கட்டில் எல்லா வீட்டுக்காரர்களும் கூடினார்கள். “மேல யார் வேலை செஞ்சது?” என்று ஒருவர் கேட்டார்.

“அந்த ஏழுமலைதான். நம்பி வுட்டேன். ஏமாத்திட்டான்,” என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. வாயில் தயாராக இருந்தது. சொல்லி முடித்ததும் ஒரு நிம்மதி வந்தது. அதுதான் இன்றைக்கும் எனக்கு அசிங்கமாக இருக்கிறது. அதோடு விட்டேனா? கட்டடத்து வாட்ஸ்அப் குரூப்பில் அவர் பெயரைப் போட்டு, ‘இந்த ஆளை யாரும் வேலைக்குக் கூப்பிடாதீர்கள்’ என்று எழுதினேன். எங்கள் கட்டடத்திலேயே வேறு இரண்டு வீட்டுக்காரர்கள் அவரிடம் வேலை பேசி வைத்திருந்தார்கள். இரண்டும் போயின. தெருவில் அவரை வழிமறித்து மும்தாஜ் அக்காவே திட்டியதாகக் கேள்விப்பட்டேன்.

அவர் ஒரு தடவை போன் செய்தார். நான் எடுக்கவில்லை. மறுபடி செய்யவில்லை.

குளியலறையைப் பூட்டிவிட்டோம். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தகரம் அடைத்துக் குளித்தோம். வெள்ளை டைல்ஸ் உள்ளே சும்மா பளபளத்துக்கொண்டிருந்தது. பழுது பார்க்க இரண்டு மேஸ்திரிகளை வரவழைத்தேன். ஒருவர் ஓரத்தில் ஓட்டை போட்டு மருந்து செலுத்தலாம் என்றார். இன்னொருவர் இதற்கு மேலேயே இன்னொரு வரிசை ஒட்டிவிடலாம், இரண்டு நாள் வேலை என்றார். இரண்டு பேருமே குனிந்து தரையைத் தட்டிப் பார்க்கவில்லை.

இரண்டாவது ஆள் போன பிறகு, நானே ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு போய்த் தட்டினேன். டொப், டொப். மறுநாள் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு எண்ணூர் பஸ் ஏறினேன்.

எண்ணூரில்

விசாரித்து விசாரித்துப் போனேன். ஒரு மளிகைக் கடை வாசலில் சிமெண்ட் கல் பதித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கரணையைக் கீழே வைத்தார்.

“இன்னாக்கா, அட்ரஸ் மாறி வந்துட்டியா?”

என்ன பேச வேண்டும் என்று பஸ்ஸில் ஒரு மணி நேரம் ஒத்திகை பார்த்திருந்தேன். வாயில் வந்தது வேறு. “பாத்ரூம மறுபடியும் செய்யணும். நீ சொன்ன மாதிரியே. எத்தினி நாளு ஆனாலும் சரி,” என்றேன்.

அவர் கையிலிருந்த காய்ந்த சிமெண்டைச் சுரண்டிக்கொண்டே இருந்தார். “அந்தம்மாக்கு கை எப்டி கீது?”

“கட்டு பிரிச்சாச்சு. முன்ன மாதிரி இல்ல.”

“வர்றேன்,” என்றார். “உனக்காவ இல்ல. தலைக்கு மேல அப்டியே வுட்டா மிச்சமும் வியும்.”

காய்வதற்கு ஒரு காலம்

முதல் மூன்று நாள் உடைப்பு. என் வெள்ளை டைல்ஸ் ஒரே அடியில் கழன்று வந்தது. அதனோடு பழைய கற்களும் ஒட்டிக்கொண்டு வந்தன. அடியில் இருந்த மண் கறுத்து, நாறிப்போய், கையில் பிடித்தால் பிழியலாம் போலிருந்தது. இருபத்தெட்டு மூட்டை. அத்தனையும் கீழே இறக்கும்போது மும்தாஜ் அக்கா வீட்டுக் கதவு மூடியே இருந்தது.

அடித் தளம் தெரிந்தது. ஈரம் காயக் காய அதன்மேல் வெள்ளையாக உப்புப் பூத்தது. ஏழுமலை பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டினார். மறுநாள் மறுபடி பூத்தது. மறுபடி கூட்டினார்.

“எப்ப காயும்?” தினமும் கேட்டேன்.

“அத்தயே கேளு,” என்று தரையைக் காட்டினார்.

ஒரு பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து நான்கு ஓரமும் டேப் ஒட்டிவிட்டுப் போனார். காலையில் பிரித்துப் பார்க்கும்போது அடியில் வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம். நான் அதை ஒரு நாளில் நாலு தடவை ஒரு ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். மறுநாள் அவர் வந்து டேப் சுருங்கியிருந்ததைப் பார்த்து, “இப்டி தூக்கிகினே இருந்தா அதுக்கு இன்னா தெரியும்?” என்று புதுத் தாள் ஒட்டினார். மின்விசிறியைக் கதவோரம் வைத்து ஓட விட்டேன். ஒன்பதாம் நாள் தாள் உலர்ந்து வந்தது.

அதற்குப் பிறகு தளத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, வாட்டம் கொடுத்துப் பூசினார். சுவரும் தரையும் சேருகிற இடத்தைக் கூர் மூலையாக விடாமல் உள்ளங்கை போல வளைத்துப் பூசினார். தண்ணீர் தங்குவது மூலையில்தான், முதலில் விரிசல் விடுவதும் அங்கேதான் என்றார். மருந்தை ஒரு நாள் இடவலமாகவும் மறுநாள் மேல்கீழாகவும் அடித்தார்.

மருந்து காய்கிற நாளில் டைல்ஸ் வாங்கத் தண்டையார்பேட்டைக்குப் போனோம். கடைக்கார அண்ணாச்சி முதலில் பளபளப்பு வகைகளைத்தான் எடுத்துப் போட்டார். ஏழுமலை ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டார். ஒவ்வொரு கல்லிலும் ஊற்றி, “செருப்ப கயட்டிட்டு ஏறி நில்லு,” என்றார். கடை வாசலில் போகிறவர்கள் பார்க்க, ஈரக் கற்களின் மேல் ஏறி ஏறி நின்றேன். வெள்ளையில் கால் வழுக்கியது. கடைசியில் ஓரடிக்கு ஓரடி அளவில், அம்மிக்கல் நிறத்தில் சொரசொரப்பான ஒன்று; கால் அதைப் பிடித்துக்கொண்டது.

“இதுதான் கெட்டி. எங்க வீட்லயும் இதத்தான் போட்ருக்கேன்மா,” என்றார் அண்ணாச்சி.

“அப்ப எதுக்கு பளபளா மொதல்ல காட்னீங்க?” என்றேன்.

“எல்லாரும் அதத்தானம்மா கேக்காவ!”

ஏழுமலை எல்லாப் பெட்டியிலும் ஒரே நம்பர் இருக்கிறதா என்று பார்த்தார். நம்பர் மாறினால் நிறமும் துளி மாறுமாம். மூன்று மணி நேரம் ஆயிற்று. எனக்குக் கால் தரித்து நிற்கவில்லை, ஆனாலும் நின்றேன்.

கதவு திறந்தது

இத்தனைக்கும் பிறகுதான் அந்தக் காலை. தண்ணீர் கட்டியாயிற்று. இரண்டு நாள் நிற்க வேண்டும். கீழே ஒருவர் பார்க்க வேண்டும்.

நாலாவது முறை இறங்கியபோது தட்டினேன்.

மெஷின் நின்றது. மும்தாஜ் அக்கா இடது கையால் தாழ்ப்பாளைத் திறந்தார். “இன்னா?” என்றார். ஐந்து மாதத்தில் எங்களுக்குள் முதல் வார்த்தை.

“அக்கா, மேல தண்ணி கட்டி கீது. ரெண்டு நாளைக்கு உங்க சீலிங்க ரவ பாத்துக்கணும். ஈரம் தெரிஞ்சா சொல்லணும்.”

“யாரு வேலை செய்யறது?”

“ஏழுமலை.”

“அந்தப் பேமானியா? உனக்கு புத்தி கீதாடி? என் கைய ஒடிச்சது போதாதா?”

அந்த இடத்தில் நான் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். திருந்திவிட்டார், பயந்து போய்ச் சரியாகச் செய்கிறார், இப்படி ஏதோ ஒன்று. வாயில் அதுவும் தயாராக இருந்தது. உள்ளே பார்த்தேன். கூரையில் அந்தப் பெயர்ந்த இடம் அப்படியே இருந்தது.

“அவர் மேல தப்பு இல்லக்கா. மொத நாளே எல்லாத்தையும் ஒடைக்கணும்னு சொன்னாரு. நான்தான் வேணாம்னேன். மேலயே ஒட்டச் சொன்னேன். தண்ணி தேங்கும்னு சொன்னாரு, அதையும் கேக்கல.”

அவர் என்னையே பார்த்தார்.

“நான் ரெண்டு தபா மேல வந்தேனே கலா. ஈரம் கீதுன்னு சொன்னேனே. கடல் காத்துன்னியே.”

“ஆமாக்கா.”

“அப்பவே தெரியுமா?”

“தெரியும்.”

“போ,” என்றார். கதவு மூடியது.

நான் மேலே வந்து ஏழுமலையிடம், “சொல்லிட்டேன்,” என்றேன். எதைச் சொன்னேன் என்று அவர் கேட்கவில்லை. சிமெண்ட் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தவர் அதையே தொடர்ந்து தேய்த்தார். நான் ஹாலுக்கும் குளியலறைக்கும் நடந்தேன். டீ போட்டேன், ஆறவிட்டேன்.

அரை மணி நேரம் போயிருக்கும். படியில் காலடிச் சத்தம். மும்தாஜ் அக்கா. திறந்திருந்த கதவு வழியாக வந்து, என்னைத் தாண்டிக்கொண்டு நேரே ஏழுமலையிடம் போனார். அவர் அவசரமாக எழுந்து கைலியில் கையைத் துடைத்தார்.

“தம்பி, உன்ன நான் பேசாத பேச்சு இல்ல. நடுத் தெருவுல வெச்சு பேசினேன். உன் புள்ளகுட்டியையும் சேத்து சாபம் வுட்டேன். அத்தனையும் வாபஸ் வாங்கிக்கறேன். மனசுல வெச்சுக்காத.”

“ஐய, வுடும்மா,” என்றார் ஏழுமலை. “நானும் அன்னிக்கு முடியாதுன்னு எய்ந்து போயிருக்கணும். வேலை கெடச்சா போதும்னு குந்தி செஞ்சேன்.”

கை ஒடிந்தவர் மன்னிப்புக் கேட்கிறார். வேலை போனவர் தன் மேலும் கொஞ்சம் தப்பைப் போட்டுக்கொள்கிறார். இருபது நாளாக அவரோடு சிமெண்ட், மணல், டீ என்று பேசியிருக்கிறேன். அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லியிருக்கவில்லை. எனக்கு அப்போதுதான் அது உறைத்தது.

“என்னை மன்னிச்சுடு ஏழுமலை,” என்றேன். “அக்கா, நீங்களும்.”

மும்தாஜ் அக்கா என் பக்கம் திரும்பவில்லை. “குரூப்ல எயுதினியே, அதுக்கு இன்னா பண்ணப் போற?” என்றார்.

நின்ற இடத்திலேயே போனை எடுத்தேன். ‘நான் கொஞ்சம் அவசரப்பட்டதால்தான் கீழ்வீட்டில் காரை விழுந்தது. மேஸ்திரி ஏழுமலை மேல் தப்பில்லை. நான் முன்பு எழுதியது பொய்’ என்று தட்டினேன். மும்தாஜ் அக்கா எட்டிப் படித்தார்.

“‘கொஞ்சம்’ எதுக்கு? எட்றி அத்த.”

எடுத்தேன். அனுப்பினேன்.

பைப்பில் ஒரு சத்தம்

சாயங்காலம் பார்த்தால் சுவரில் ஏழுமலை பென்சிலால் போட்ட கோட்டுக்குக் கீழே ஒரு விரல் தண்ணீர் இறங்கியிருந்தது. கீழே ஓடினேன். மும்தாஜ் அக்கா சேலை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஸ்டூல் மேல் நின்று கூரையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“காஞ்சுதான் கீது. கத்தாத.”

“மேல எறங்கி கீதுக்கா! எங்க போச்சு?”

“இரு, வாய மூடு.” அவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். பிறகு ஸ்டூலிலிருந்து இறங்கி, பின்பக்க ஜன்னலைத் திறந்தார். வெளியே குழாய் இறங்குகிற சந்து. “பைப்புல சொட்டுது பாரு. கேக்குதா?”

கேட்டது. தண்ணீர் போகிற ஓட்டையை அடைத்த துணி நழுவியிருந்தது. தண்ணீர் தளத்தில் இறங்கவில்லை, நேரே குழாய் வழியாகப் போயிருந்தது. ஏழுமலை தலையில் அடித்துக்கொண்டு, ஓட்டையைச் சிமெண்ட் வைத்து அடைத்தார். புதுக் கோடு. இரண்டு நாள் முதலிலிருந்து.

தயாளன் துறைமுக வரிசையிலிருந்து போன் செய்தார். எல்லாவற்றையும் சொன்னேன்; அவரிடமும் மேஸ்திரிதான் காரணம் என்றே அதுவரை சொல்லி வைத்திருந்தேன். “நான் வந்து பேசிக்கறேன். இப்ப போய் அந்தம்மா கூட குந்து,” என்றார்.

போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்று சொல்லக்கூடாது. நிமிஷத்துக்கொரு முறை எழுந்து கூரையைப் பார்த்தேன். கழுத்து பிடித்துக்கொண்டது. மும்தாஜ் அக்கா பொறுக்க முடியாமல் ஒரு பிளவுஸையும் சின்ன பிளேடையும் என் மடியில் போட்டார். “தையல பிரி. என்னால பிடிக்க முடியல. வெரல் நழுவுது.”

முன்பு கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலை அவருக்கு அது. இரண்டு நாளில் பதினேழு பிளவுஸ் பிரித்தேன். ஒன்றைக் கிழித்தும் விட்டேன். திட்டினார். அப்படியும் அடுத்ததைக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் காலை ஏழுமலை மேலே கோட்டைப் பார்த்துவிட்டுக் கீழே வந்தார். மும்தாஜ் அக்காவே கதவைத் திறந்து, “உள்ள வா தம்பி,” என்றார். ஏழுமலை ஸ்டூலில் ஏறி, உள்ளங்கையைக் கூரையில் வைத்து, வெகு நேரம் வைத்திருந்தார். கையை எங்களுக்குக் காட்டினார். உலர்ந்த சுண்ணாம்புத் தூள்தான் இருந்தது.

அதன் பிறகு

டைல்ஸ் ஒட்ட நான்கு நாள் ஆயிற்று. அந்தக் கூரையின் துருப்பிடித்த கம்பியையும் தேய்த்து, காரை பூசி, ஏழுமலை சரி செய்தார். எங்கள் கட்டடத்திலேயே இப்போது மூன்று வீடுகளில் அவர் வேலை செய்து முடித்துவிட்டார். என்னிடம் அளவாகத்தான் பேசுவார். அது நியாயம்தான்.

முதல் நாள் குளிக்கப் போனபோது என்னால் ஒரு சொம்பு ஊற்ற முடியவில்லை. பக்கெட்டின் முன்னால் குந்தியபடி இருந்தேன். கடைசியில் போனை எடுத்துக் கீழே கூப்பிட்டேன்.

“ஊத்துடி. நான் பாத்துகினுதான் கீறேன்,” என்றார் மும்தாஜ் அக்கா.

ஊற்றினேன். யாரும் கதவைத் தட்டவில்லை. தண்ணீர் நான்கு பக்கமிருந்தும் நடுவில் இருக்கிற ஓட்டைக்கு நிதானமாக ஓடியது.

அவர் என்னை மன்னித்தாரா என்று தெரியாது. வாயால் சொல்லவில்லை. “கை வலிச்சா உன்ன திட்டுவேன். அவ்ளோதான்,” என்றார் ஒரு நாள். மழைக்காலத்தில் மணிக்கட்டு வலிக்கும். அன்று காலையிலேயே போன் வரும். வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிவிட்டு வைப்பார். நான் குறுக்கே பேசுவதில்லை.

போன வாரம் இரண்டு நாள் விடாமல் மழை. போன் வரவில்லை. முதல் நாள் சும்மா இருந்தேன். இரண்டாம் நாள் அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு, தாங்காமல் இறங்கிப் போய்க் கதவைத் தட்டினேன்.

“இன்னாடி, மூஞ்சி இப்டி கீது?” என்றார் மும்தாஜ் அக்கா. “இன்னிக்கு வலி இல்ல. அதான் திட்டல. உள்ள வந்து குந்து.”